ரெக்விக்கு ஒரு வருஷம் குறைகிறது

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை, அதுவாகத்தான் வந்து மாட்டிக்கொண்டது. எங்கள் கால்பந்து கிளப் சமையலறையில் வாஃபிள் மாவு கலக்கிக்கொண்டிருந்தேன். ஆட்ட நாட்களில் காப்பியும் வாஃபிளும் விற்கிற வேலை என்னுடையது. சுன்வா உள்ளே வந்தாள், கதவைச் சாத்தினாள், "எனக்கு ஒண்ணு புரியல, உனக்காவது புரியுதா பாரு" என்று ஆரம்பித்தாள். கடைசிவரை கேட்டேன். எனக்கும் புரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெளியும் என்று நினைத்தேன். எழுதினேன். இப்போது முன்னைவிட மோசம்.

நான் எழுதி அடித்த தொடக்கங்களை உங்களுக்கும் காட்டிவிடுகிறேன்.

"பரோயே தீவுகளில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை..." (இங்கே மழை பெய்யாமல் இருந்திருந்தால் அதை எழுதலாம். பெய்ததை எழுத என்ன இருக்கிறது?)

"ஐரோப்பியப் போட்டிகளில் இளம் ஆட்டக்காரர்களின் தகுதியை நிர்ணயிக்கும் விதிகளை ஆராயப் புகுமுன்..." (ஆராயப் புகுமுன் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

"ரெக்விக்கு வயது பதினேழு. அவனுக்கு வியாழக்கிழமை ஆட வேண்டும்."

இது இருக்கட்டும். கதையே இவ்வளவுதான், மற்றதெல்லாம் அதற்கு வந்த இடைஞ்சல்.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன், மூன்றே பேர்தான்.

சுன்வா எங்கள் கிளப்பின் செயலாளர். பகலில் சால்மன் பண்ணை அலுவலகத்தில் வேலை. மாலையில் கிளப்பின் பதிவு, பயணம், நடுவருக்குச் சாப்பாடு, கடலில் விழுந்த பந்தை எடுக்கப் படகுக்காரனைக் கூப்பிடுவது, எல்லாம் அவள் தலையில். ரெக்வி அவளுடைய தம்பி மகன், முன்வரிசையில் ஆடுகிறவன். பார்தல் பயிற்சியாளர். பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை சொல்லிக்கொடுக்கிறவர், வாய் கொஞ்சம் நீளம்.

[ஒரு சங்கடம். இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், பேரன் தாத்தாவைக்கூட. அதை அப்படியே எழுதினால் பையன் மரியாதை தெரியாதவன் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். அதனால் அவனை "அத்தை" என்று கூப்பிட வைத்திருக்கிறேன். உறவும் அதுதானே.]

எங்கள் கிளப் இதற்கு முன்னால் ஐரோப்பியப் போட்டியில் ஆடியபோது ரெக்வி பிறக்கவே இல்லை. இந்த வருஷம்தான் மறுபடி நுழைந்திருக்கிறோம், அதுவும் தகுதிச்சுற்றின் முதல் படியில். ஒரு லாட்விய அணியோடு அவர்கள் ஊரில் போய் ஒன்றுக்கு ஒன்று சமன் செய்துவிட்டு வந்தோம். வந்த விமானத்திலிருந்து இறங்கும்போதே எங்கள் முன்வரிசை ஆள் நொண்டிக்கொண்டு இறங்கினான். மறு ஆட்டம் வியாழக்கிழமை, இங்கே. அந்த இடத்தில் ஆட ஊரில் ரெக்வியை விட்டால் ஆளில்லை.

சுன்வாவைப் பற்றி இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன், அவள் கண்கள், கடல், இன்னும் ஏதேதோ. அவளிடம் படித்துக் காட்டினேன். "என் கண்ணு கடல் மாதிரியா இருக்கு? எனக்குக் கண்ணாடி போட்டும் சரியாத் தெரியாது" என்றாள். எடுத்துவிட்டேன்.

3

இனி விதி. பயப்படாதீர்கள், எனக்குத் தெரிந்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஐரோப்பியப் போட்டிக்கு ஒரு கிளப் இரண்டு பட்டியல் கொடுக்க வேண்டும். ஏ பட்டியல் பெரியவர்களுக்கு. அதில் இருபத்தைந்து பேருக்கு மேல் கூடாது. முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், கொடுத்த பிறகு அந்தச் சுற்று முடியும்வரை கை வைக்க முடியாது. பி பட்டியல் இளசுகளுக்கு. அதில் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்க்கலாம், ஆட்டத்துக்கு முந்தின நாள் வரைக்கும் சேர்க்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? பார்தலுக்கும் அப்படித்தான் இருந்தது. ரெக்விதான் சின்னப் பையனாச்சே, பி பட்டியலில் சும்மா போய்விடுவானே, எதற்கு அவனுக்கு ஏ பட்டியலில் ஓர் இடத்தை வீணாக்குவது என்று கணக்குப் போட்டு, அந்தக் கடைசி இடத்தை முழங்கால் போன ஒரு பழைய பின்வரிசை ஆட்டக்காரனுக்கு மரியாதைக்காகக் கொடுத்துவிட்டார்.

பி பட்டியலுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பதினைந்தாவது பிறந்தநாளுக்குப் பிறகு, இரண்டு வருஷம், இடையில் அறுந்துபோகாமல், அந்தக் கிளப்புக்கு ஆடும் தகுதியோடு இருந்திருக்க வேண்டும்.

ரெக்வி ஐந்து வயதிலிருந்து இந்த மைதானத்தில்தான் கிடக்கிறான். அப்புறம் என்ன குறை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

இங்கே பாதிப் பிள்ளைகள் ஒன்பதாவது முடித்ததும் ஒரு வருஷம் டென்மார்க்கில் விடுதிப் பள்ளிக்குப் போவார்கள். படிக்க என்று பெயர். உண்மையில் வீட்டைவிட்டு இருந்து பழகத்தான். அங்கே பக்கத்து ஊர் அணியில் சேர்ந்து பந்தாடுவார்கள். அதற்கு இங்கிருந்து ஒரு கையெழுத்து வேண்டும், பையனை விடுவிக்கிறோம் என்று. செயலாளர் போட்டுக் கொடுப்பார். போன வருஷமும் போட்டார்கள், அதற்கு முந்தின வருஷமும் போட்டார்கள், கை எழுதுவதை மனசு பார்ப்பதுகூட இல்லை. திரும்பி வந்ததும் இங்கே மறுபடி பதிந்துவிடுவார்கள். ஒரு குடியும் முழுகிப் போனதில்லை.

இந்தத் தடவை முழுகியது. ரெக்வி பதினைந்து முடிந்து போனான், பதினாறில் திரும்பினான். அந்த ஒரு வருஷம் ஆவணப்படி அவன் டென்மார்க்கின் ஜட்லாந்தில் ஏதோ ஒரு கிராமத்துக்காரன். திரும்பி வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஒன்று குறைகிறது.

(இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. காப்பி போட்டுக்கொண்டு வந்து படித்தேன், போய்விட்டது.)

4

புதன்கிழமை மத்தியானம். கிளப் அலுவலகம் என்கிற அந்த அறையில் சுன்வா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ரெக்வியின் பெயரைக் காலையிலேயே பி பட்டியலில் ஏற்றியிருந்தாள். கணினி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. சும்மா ஒரு தடவை சரிபார்ப்போமே என்று அவனுடைய பழைய பதிவுகளைத் திறந்தவள் அந்த ஜட்லாந்துக் கிராமத்தின் பெயரைப் பார்த்தாள். தேதிகளை விரல்விட்டு எண்ணினாள்.

இந்த இடத்தில் அவள் மனப்போராட்டத்தைப் பெரிதாக எழுத வேண்டும் என்று

இல்லை. அவள் போராடவில்லை. பார்தலைக் கூப்பிட்டாள்.

பார்தல் மரத்தூளோடு வந்தார். கேட்டார். கணினி ஒத்துக்கொண்ட பிறகு நமக்கென்ன வந்தது என்றார். தகுதியில்லாதவனை ஆடவிட்டால் மூன்று கோல் தோல்வி என்று எழுதிவிடுவார்கள் என்றாள் சுன்வா. யார் போய்த் தோண்டப் போகிறார்கள் என்றார். தோற்றால் லாட்வியாக்காரன் தோண்டுவான் என்றாள். அவர், விதியை நானே படிக்கிறேன் என்று அவள் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

படித்தவர் ஒரு விதிவிலக்கைக் கண்டுபிடித்தார். நடுவில் வேறு கிளப்புக்கு இரவலாகப் போயிருந்தாலும் சேர்க்கலாமாம், அந்தக் கிளப் அதே நாட்டுக் கால்பந்துச் சங்கத்தைச் சேர்ந்ததாக இருந்தால்.

"அப்புறம் என்ன? டென்மார்க்கும் நாமும் ஒரே நாடுதானே," என்றார் பார்தல்.

சுன்வா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இதைச் சொன்னது யார் தெரியுமா? டென்மார்க் கொடி போட்ட பிஸ்கட் டப்பாவைக்கூட வீட்டில் சேர்க்காத மனுஷர். விடுமுறைக்கு வந்த ஒரு டேனிஷ்காரர் தெரியாமல் "நம்ம நாட்டு மலை" என்று சொல்லிவிட்டார் என்பதற்காக அவரோடு மலையடிவாரத்தில் சண்டை பிடித்தவர். ஊரில் தனிநாடு கேட்டு நடக்கிற ஊர்வலத்தில் முன்னால் நடக்கிறவர்.

"இதை இன்னொரு தடவை சொல்லு பார்தல், வெளியில போய் எல்லாரையும் கூட்டிட்டு வரேன்."

"ஒரே ராஜாதானே. ஒரே பாஸ்போர்ட்டுதானே. ஆட்டம் முடியிற வரைக்கும் ஒரே நாடுன்னு வச்சுக்கோயேன்."

அவள் சிரிக்கவில்லை. நாடு ஒன்றானாலும் கால்பந்துச் சங்கம் அவர்களுக்கு வேறு, நமக்கு வேறு என்றாள். சங்கம் ஒன்றாகவே இருந்தாலும் அது இரவல் இல்லை, முழுசாக விடுவித்துத்தான் அனுப்பினோம் என்றாள். அந்த விலக்குக்கு இரண்டு வருஷமும் பத்தாது, மூன்று வேண்டும் என்று அடுத்த வரியில் இருப்பதைக் காட்டினாள். பார்தல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

கடைசியில் போட்டியை நடத்துகிற ஐரோப்பியத் தலைமையகத்துக்கே போன் போட்டார்கள். அங்கே ஒரு பெண் மிகவும் தன்மையாகப் பேசினாள். விதியை வாசித்துக் காட்டினாள். விதி எங்களுக்கும் தெரியும், இந்தப் பையன் ஆடலாமா கூடாதா, அதைச் சொல்லுங்கள் என்றாள் சுன்வா. பட்டியலில் இருப்பவர் தகுதியானவர்தான் என்று உறுதி செய்துகொள்வது கிளப்பின் பொறுப்பு என்றாள் அந்தப் பெண். பார்தல் பக்கத்திலிருந்து, பையன் அங்கே மனசொட்டி ஆடவே இல்லை, வீட்டு ஞாபகமாகவே இருந்தான் என்று சொல்லச் சொன்னார். சுன்வா அதையும் சொன்னாள். வருத்தமாக இருக்கிறது என்றாள் அந்தப் பெண், உண்மையிலேயே வருத்தப்பட்ட குரலில்.

போனை வைத்தார்கள். சுன்வா ரெக்வியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள்.

[என் முதல் எழுத்தில் இந்த இடத்தில் அவள் நேர்மையைப் பற்றி ஒரு நல்ல வாக்கியம் இருந்தது. அவளிடம் காட்டினேன். "நேர்மையெல்லாம் ஒண்ணுமில்ல, பயம்" என்றாள். பயமா நேர்மையா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.]

5

ரெக்வி பயிற்சிக்கு வந்தான். பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் பாதி வாழைப்பழத்தோடு, கதவருகே நின்றான். பார்தல் பயிற்சிக் கூம்புகளை எடுத்து வைக்க வேண்டும் என்று நழுவிவிட்டார். கூம்புகள் காலையிலிருந்தே மைதானத்தில்தான் இருந்தன.

"லிஸ்ட்ல இருக்கேனா அத்தை?"

"இல்லடா."

"காலைல இருக்குன்னு சொன்னீங்க."

"காலைல இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்."

அவனுக்கு விளக்கினாள். எனக்கு விளக்கியதைவிட நன்றாகத்தான் விளக்கியிருப்பாள். அவன் வாழைப்பழத்தைக் கடிக்காமல் கேட்டான்.

"அங்க நான் ஆடினதே கொஞ்ச மேட்ச்தான்."

"ஆடினியா இல்லையாங்கறது பேச்சே இல்லடா. நீ அப்ப யாரோட ஆளா பதிஞ்சிருந்தங்கறதுதான்."

"நான் இந்த ஊருதானே?"

"ஆமா."

"அந்த வருஷம்?"

அவள் பேச்சை மாற்றினாள். அடுத்த வருஷம் கோடைக்குள் இரண்டு வருஷம் ஆகிவிடும், அப்போது உன்னை யாரும் தடுக்க முடியாது என்றாள். அடுத்த வருஷம் நாம் ஐரோப்பாவுக்குள் நுழைந்தால்தானே என்றான் அவன். நியாயமான பேச்சுதான்.

இங்கே ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். மேலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்கே வைப்பது என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே வந்தேன்.

அந்த வருஷம் ஜட்லாந்தில் ரெக்வி முதலில் படாத பாடு பட்டான். அவன் பேசுகிற டேனிஷைக் கேட்டு விடுதிப் பையன்கள் அப்படியே பேசிக் காட்டிச் சிரித்தார்கள். சாப்பாட்டு மேசையில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. தினமும் வீட்டுக்குப் போன் போட்டு அழுதான். அப்பா, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு என்றார். அப்போதுதான் பக்கத்து ஊர் அணி அவனைக் கூப்பிட்டது. சுன்வா அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அந்தப் பையன்களோடு ஆட ஆரம்பித்த பிறகு அழுகை நின்றது. திரும்பி வரும்போது பாதி ஜட்லாந்தை சிநேகிதமாக்கிக்கொண்டு வந்தான். முன்பு ஆளைப் பார்த்துப் பேசமாட்டான். இப்போது கதவருகே நின்று கண்ணைப் பார்த்துக் கேட்கிறான்.

"அன்னைக்கு இந்த ரூல் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, கையெழுத்துப் போட்டிருப்பீங்களா அத்தை?"

6

அவள் ஒரு பதில் சொன்னாள். என்ன பதில் என்று என்னிடம் சொல்ல மறுத்துவிட்டாள். சமையலறையில் அவ்வளவு நேரம் நின்றவள், இந்த இடம் வந்ததும் மாவுக் கரண்டியைப் பிடுங்கித் தானே கலக்க ஆரம்பித்தாள். நீயே எழுதிக்கொள், உனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றாள்.

வியாழக்கிழமை ஆட்டத்தின் முடிவு வேண்டுமென்றால் சொல்லிவிடுகிறேன், அதில் ரகசியமில்லை. ஒன்றுக்குச் சுழியம் என்று தோற்றோம். அவன் ஆடியிருந்தால் ஜெயித்திருப்போமா? தெரியாது. அவன் பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து இரண்டு வாஃபிள் வாங்கித் தின்றான். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் பதிலை நான் இரண்டு விதமாகவும் எழுதினேன்.

"போட்டிருப்பேன்டா." இதை எழுதியதும் சரி என்று தோன்றியது. அப்புறம் அவன் காதால் கேட்டுப் பார்த்தேன். பதினேழு வயதில், பூட்ஸோடு, நாளைக்கு ஊரே பார்க்கப்போகிற ஆட்டத்தை இழந்து நிற்கிறவனிடம், தெரிந்தே இதை உன்னிடமிருந்து எடுத்திருப்பேன் என்று சொல்வதா? அடித்தேன்.

"போட்டிருக்கவே மாட்டேன்." இதுவும் சரி என்று தோன்றியது, ஒரு நிமிஷம். அப்படியானால் அந்தச் சாப்பாட்டு மேசையில் அவனைத் தனியாக உட்கார விட்டிருப்பேன் என்றல்லவா ஆகிறது? அல்லது அழுதுகொண்டே திரும்பி வரட்டும் என்று. அதையும் அடித்தேன்.

"தெரியலடா" என்று மூன்றாவதாக ஒன்று எழுதிப் பார்த்தேன். அது அவளுடைய பதில் இல்லை, என்னுடையது. அதனால்

இதற்கு மேல் என்னால் ஆகாது. அவள் பதிலை உங்களிடம் விட்டுவிடுகிறேன். நிறைய நேரம் எடுத்துக்கொள்ள முடியாது, வெளியே பார்தல் விசில் ஊதிவிட்டார். அந்தப் புதன்கிழமைக் கதவருகே பையன் இன்னும் போகாமல் நிற்கிறான். சொல்லுங்கள். பொய் மட்டும் வேண்டாம், அவன் கண்டுபிடித்துவிடுவான்.