தொங்கவிட்ட நீல ஒயர்

நாலு கம்ப்யூட்டரும் நாலு மாமனார் மாதிரி உட்கார்ந்திருந்தன. முகத்தில் ஒரு களை இல்லை, வாயில் ஒரு வார்த்தை இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஒரு வரி: பூட் ஃபைல் வரவில்லை. அவ்வளவுதான். காளீஸ்வரன் அந்த வரியை இந்த வாரம் எத்தனை தடவை படித்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது. கண்ணை மூடினால் இமைக்கு உள்பக்கமும் அதுதான் ஓடியது.

"இன்னிக்கும் அதே கததானா?" என்று செல்வலட்சுமி அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"நேத்து ராத்திரி ஓடுச்சுல்ல? நீயே பாத்தேல்ல?"

"நேத்து ஓடுனத வச்சு இன்னிக்கு வேல பாக்க முடியுமா? நேத்து ஆக்குன கொளம்புன்னாலும் சுட வச்சு ஊத்தலாம்."

சொல்லிவிட்டு இரண்டு தடவை இருமினாள். அந்த இருமல்தான் இவ்வளவுக்கும் காரணம்.

நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருசம் வேலை பார்த்தவள் அவள். ஆடி மாதத்தில் இளைப்பு வந்து படுத்தாள். விருதுநகர் டாக்டர், மருந்துத்தூள் பறக்கிற பக்கமே இனித் தலை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தீபாவளிக்கு மூடிய கம்பெனி வருகிற திங்கட்கிழமை திறக்கிறது. பாதை பிரிகிற ஆமத்தூர் விலக்குக்குக் காலையில் வேன் வரும். வேனில் ஏறாமல் இருக்க வேண்டுமென்றால் வீட்டிலேயே ஒரு வேலை வேண்டும்.

காளீஸ்வரனுக்குச் சிவகாசி அச்சாபீஸில் கம்ப்யூட்டர்காரர் என்று பெயர். மானிட்டர் தெரியவில்லை என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள், டீ வரவில்லை என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன்தான் முதலாளியிடம் பேசினான். புது வருசக் காலண்டரில் கடைக்காரர்கள் பேரும் விலாசமும் அடித்துச் சரி பார்க்கிற வேலையை வீட்டுக்குக் கொடுங்கள், என் வீட்டம்மாவும் பக்கத்துப் பெண்களும் பார்ப்பார்கள் என்றான். செல்வலட்சுமியும் அவளோடு வேனில் போகிற பொன்னுத்தங்கமும் ஒரு காலத்தில் டைப்பிங் படித்தவர்கள். முதலாளி யோசித்தார். போன வருசம் யாரோ ஒரு டிசைனை வீட்டுக்குக் கொண்டுபோய் இன்னொரு அச்சாபீஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

"டிஸ்க் இருக்கிற மிஷின் எதுவும் வீட்டுக்குப் போகக் கூடாதுய்யா. டிஸ்க்கைக் கழட்டிட்டு வேணும்னா பழைய மிஷினை எடுத்துட்டுப் போ. திங்கக்கெழம ஓடணும். ஓடலைன்னா ஆர்டரை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

அந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வந்திருப்பான். காளீஸ்வரன் அந்த வாரம்தான் ஒரு வீடியோ பார்த்திருந்தான். டிஸ்க்கே இல்லாத கம்ப்யூட்டர்களை ஒரே ஒரு பெட்டி, நெட்வொர்க் ஒயர் வழியாக எழுப்பி நடமாட விடுகிற வித்தை. வீடியோக்காரன் சிரித்துக்கொண்டே கால்மணி நேரத்தில் முடித்தான். அவன் வீட்டில் பெண்டாட்டி இல்லை, இடி இடிக்கவில்லை, மறுநாள் வேலைக்குப் போகிற மாதிரியும் தெரியவில்லை. அதையெல்லாம் அப்போது கவனிக்கத் தோன்றவில்லை.

வித்தை இதுதான். டிஸ்க் இல்லாத மிஷினுக்கு எழுந்ததும் தான் யார் என்றே தெரியாது. ஒயருக்குள் வாயை வைத்து, "யாராச்சும் இருக்கீகளா? நான் யாரு? எனக்கு என்ன வேல?" என்று கத்தும். மூலையில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதாக முதலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கிய ஒரே டிஸ்க் மிஷினான சர்வர், "உன் நம்பர் இது, இந்தா பிடி" என்று விலாசத்தையும் கொடுத்து, பூட் ஃபைல் என்கிற, ஓட வேண்டிய சாமானையும் அனுப்பும். எல்லா ஒயரும் சுவிட்ச் என்கிற சின்ன டப்பாவில் வந்து சேரும்.

இதில் ஒரே ஒரு சங்கடம். வீட்டு இன்டர்நெட் மோடத்துக்கும் விலாசம் கொடுக்கிற பழக்கம் உண்டு. அது அந்த டப்பாவோடு சேர்ந்துவிட்டால், மிஷின் கத்தியதும் முந்திக்கொண்டு பதில் சொல்லும். விலாசம் மட்டும்தான் கொடுக்கும், சாமான் அதனிடம் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டால், தெரியுமோ தெரியாதோ, முதல் ஆளாகக் கை நீட்டுகிறவர் இருப்பார் இல்லையா, அந்த ஜாதி. அதனால் மோடத்திலிருந்து வருகிற நீல ஒயரை மட்டும் காளீஸ்வரன் டப்பாவில் சொருகாமல் மேசைக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தான். எப்போதாவது நெட்டிலிருந்து எதையாவது இறக்க வேண்டும் என்றால் சொருகிக்கொள்ளலாம் என்கிற சோம்பேறித்தனம்.

வாரம் முழுக்க இதுதான் நடந்தது. காலையில் நாலும் ஓடும். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போவான். சாயங்காலம் வந்தால் நாலும் மாமனார் கோலத்தில் இருக்கும். சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து, வந்த கடுப்பில் இருக்கிற ஒயரையெல்லாம் கொத்தாக உருவிப் போட்டு, சர்வரை அழித்து முதலிலிருந்து ஏற்றுவான். ஓடும். எதனால் படுத்தது என்றும் தெரியாது, எதனால் எழுந்தது என்றும் தெரியாது. வைத்தியருக்கும் தெரியாமல் நோயாளிக்கும் தெரியாமல் குணமாகிற காய்ச்சல்.

சனிக்கிழமை சாப்பிடும்போது செல்வலட்சுமி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வேன் டிரைவர் பெத்தணன் போன் போட்டான். வேன்ல எடம் வைக்கவான்னு கேக்கான்."

"நீ என்ன சொன்ன?"

"நாளைக்குச் சொல்லுதேன்னேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா?"

"டாக்டர் சொன்னாரு. டாக்டரா வந்து கடைக்காரன் பேரு அடிக்கப் போறாரு?" ரசத்தை ஊற்றினாள். "உங்களக் கொற சொல்லல. கண்ணு ரெண்டும் செவந்துபோய்த் திரியுதீக. ஓடுனா ஓடட்டும். இல்லைன்னா மூஞ்சில துணியக் கட்டிக்கிட்டுப் போய்ட்டு வாரேன். அம்புட்டுத்தானே."

அம்புட்டுத்தான். ஆனால் அந்த 'அம்புட்டுத்தானே'வுக்கு அப்புறம் அவனுக்கு ரசம் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி எல்லாவற்றையும் உருவி, ஏற்றி, ஓட வைத்துவிட்டு, "இன்னிக்கு இந்த எடத்தவிட்டு நகர மாட்டேன். எவன் வந்து கெடுக்கான்னு பாத்துருவோம்" என்று மேசைக்கு எதிரில் பாயை விரித்துப் படுத்தான். காவலுக்குப் படுத்தவன் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நன்றாகத் தூங்கியும் போனான்.

இடிச் சத்தத்தில்தான் விழித்தான். பெரிய இடிகூட இல்லை. தூரத்தில், சாத்தூர்ப் பக்கம், யாரோ டிரம்மை உருட்டுகிற மாதிரி ஒரு உறுமல். அந்த வாரம் பூராவும் மத்தியானமானால் வானம் இப்படித்தான் மிரட்டிக்கொண்டிருந்தது என்று கேள்விப்பட்டிருந்தான். அச்சாபீஸில் மிஷின் ஓடுகிற சத்தத்தில் இடியாவது ஒன்றாவது.

செல்வலட்சுமி அடுப்படியிலிருந்து வந்தாள். ஓடவில்லை, பதறவில்லை. நேராக மேசைக்குப் பின்னால் போய் சுவரில் இருந்த பிளக்கையெல்லாம் பிடுங்கினாள். நாலு திரையும் அணைந்தன. மூலைப் பெட்டியில் சர்வர் 'டப்' என்று உயிரை விட்டது. அடுத்து டப்பாவிலிருந்த ஒயர்களை ஒவ்வொன்றாக உருவி, பாம்பைப் பிடிக்கிற மாதிரி தள்ளித் தள்ளிப் போட்டாள்.

"ஏ புள்ள, என்ன செய்யுத?"

"மேகம் ஏறுதுல்ல? எந்திரிச்சு வெளிய வாங்க."

"வீட்டுக்குள்ளதான இருக்கோம்!"

"வாங்கங்கேன்."

குரலில் இருந்த போர்மேன் தொனிக்கு அவன் கால் தானாக எழுந்தது. இரண்டு பேரும் வாசல் கேட்டுப் பக்கம் போய் நின்றார்கள். பட்டாசுக் கம்பெனியில் மேகம் உறுமினால் விசில் அடிப்பார்கள். கையில் இருக்கிறதை இருக்கிறபடி வைத்துவிட்டு ரூமைவிட்டு வெளியேறிவிட வேண்டும். சாமான் இருக்கிற இடத்தில் ஆள் இருக்கக் கூடாது. பன்னிரண்டு வருசமாக அவள் உடம்புக்குள் அந்த விசில் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது யாரும் ஊத வேண்டியதில்லை.

நாலு தூறல் போட்டது. எதிர்வீட்டு ஆடு இவர்களை விநோதமாகப் பார்த்தது. வீடு இருக்க வாசலில் நின்று நனைகிற இரண்டு பேரைப் பார்த்தால் ஆட்டுக்குக்கூட வேடிக்கையாகத் தோன்றாதா?

"தெனமும் இப்படித்தான் வந்து நிப்பியா?"

"ஆமா. இந்த வாரம் தெனமும்தான இடிச்சுது."

உறுமல் அடங்கியது. செல்வலட்சுமி உள்ளே போய் எல்லாவற்றையும் திருப்பிச் சொருகினாள். என்ன பொறுமை! எந்த ஒயர் எந்த ஓட்டையில் இருந்ததோ அதே ஓட்டையில். அவன்கூட அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. கடைசியாக மேசைக்குப் பின்னால் கையை விட்டு, தொங்கிக்கொண்டிருந்த நீல ஒயரை எடுத்தாள். முந்தானையில் முனையைத் துடைத்தாள். காலியாக இருந்த ஓட்டையில் 'டிக்' என்று சொருகினாள்.

காளீஸ்வரன் பாயில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அது... அத எதுக்குச் சொருகுன?"

"தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. திரி தொங்கவிட்டா போர்மேன் வைவாருல்ல. உங்க ஒயரும் மொத நாள்லருந்து தொங்கிட்டே கெடக்கு. நானும் தெனம் சொருகுதேன், நீங்களும் தெனம் உருவிப் போடுதீக."

அவனுக்கு வாய்வரை வந்தது. ஒரு வாரத் தூக்கம், ஒரு வாரக் கழுத்துவலி, அந்த வெள்ளை வரி, எல்லாம் சேர்ந்து நாக்கு நுனியில் வந்து நின்றது. அதற்குள் அவள் பட்டனைத் தட்டிவிட்டாள். நாலு திரையும் கறுத்து, அந்த வரி வந்தது. செல்வலட்சுமி திரையைப் பார்த்தாள், நீல ஒயரைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். முட்டாளைக் கல்யாணம் செய்திருந்தாலும் அவள் முட்டாள் இல்லை.

"நான்தானா?" என்றாள்.

அவன் மெல்லத் தலையாட்டினான்.

"பாத்தீகளா. நமக்கு இந்தச் சாமானெல்லாம் ஒத்து வராது. பெத்தணனுக்குப் போன் போட்டுருதேன்." போனை எடுக்க எழுந்தவளுக்கு இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இருமல் அடங்குகிற வரைக்கும் காளீஸ்வரன் காத்திருந்தான். காத்திருந்த நேரத்தில் கோபம் எங்கேயோ போய்விட்டது. உட்கார்ந்து கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை என்பதுதான் நிஜம்.

"ஒண்ணு கேக்கேன், சொல்லு. கம்பெனில திரி தொங்குச்சுன்னா போர்மேன் யார வைவாரு? தொங்கவிட்டவளயா, எடுத்துச் சொருகுனவளயா?"

"தொங்கவிட்டவளத்தான்."

"அப்ப என்னைய வை."

அவள் அவனையே பார்த்தாள்.

"வைய்யி. அந்த ஒயர் டப்பாவுல சேரக் கூடாது. அது தெரிஞ்ச பய நான் ஒருத்தன்தான். சுருட்டி வைக்காம, ஒரு வார்த்த சொல்லாம, தொங்கவிட்டவனும் நான்தான். ம், ஆரம்பி."

"ஏலே கூறுகெட்டவனே" என்று ஆரம்பித்தாள். அவள் போர்மேனாகவே மாறி வைவதை அவன் அதுவரை கேட்டதில்லை. "வீட்ட வச்சுருக்கியா குப்பமேட்ட வச்சுருக்கியா? உன் ஒரு ஆளால நாலு பேரு வேல போச்சுல்ல? ரூம விட்டு வெளிய போலே!" முடிப்பதற்குள் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, பாயில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவன் நீல ஒயரை இரண்டு பக்கமும் கழற்றினான். காலி ஓட்டைகள் எல்லாவற்றிலும் கறுப்பு டேப் ஒட்டினான். நாலு மிஷினையும் சர்வரையும் ஒரே சுவிட்ச் போர்டில் சேர்த்தான். மேகம் உறுமினால் எப்படி அணைக்க வேண்டும், எந்த வரிசையில், என்று சொல்லிக்கொடுத்தான். உறுமினால் அணைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கேட்கப் போகிறாளா என்ன.

மறுபடி பட்டனைத் தட்டினார்கள். முதல் மாமனார் முகம் மலர்ந்தார். இரண்டாமவர். மூன்றாமவர் கொஞ்சம் முரண்டு பிடித்து மலர்ந்தார். நாலாமவரும் பின்னாலேயே. பெத்தணனுக்குப் போன் போட்டாளா இல்லையா என்று அவன் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் எழுந்து வந்தபோது அடுப்படி மேடையில் தூக்குவாளி இருந்தது. அவள் கம்பெனிக்குக் கொண்டுபோகிற அதே தூக்குவாளி. புளிச்சோறு, மேலே துவையல், மூடி இறுக்கமாக. காளீஸ்வரன் ஓடிப்போய்ப் பார்த்தான். முன்னறையில் நாலு திரையும் விழித்துக்கொண்டுதான் இருந்தன. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது இது என்ன?

விலக்கில் வேன் ஹாரன் அடித்தது. செல்வலட்சுமி தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவன் பின்னாலேயே பனியனோடு போனான்.

"யக்கா, சீக்கிரம் ஏறுங்க" என்றான் பெத்தணன் டிரைவர் சீட்டிலிருந்து.

"நான் வரலைன்னு சொல்லத்தான் வந்தேன். நாளையிலருந்து எனக்காக ஹாரன் அடிக்காத. தங்கம், நீ எறங்கு."

பொன்னுத்தங்கம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "நெசமாவா மதினி? அண்ணன் மிஷினு ஓடுதா?"

"ஓடுது. நீ எறங்கு மொதல்ல."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய பொன்னுத்தங்கம், உள்ளே வருமுன் கதவுக்குப் பக்கத்தில் சுவரைத் தடவினாள். கம்பெனி ரூம் வாசலில் செம்புத் தகடு ஒன்று இருக்கும். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இங்கே வெறும் சுண்ணாம்புதான் கையில் ஒட்டியது.

செல்வலட்சுமி தூக்குவாளியைக் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில், ஒயர் படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

"பத்தடியில அடுப்படி இருக்கு. தூக்குவாளி எதுக்கு?" என்றான் காளீஸ்வரன்.

"வேலைக்கு வந்தா தூக்குவாளி இல்லாம எப்படி?" என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவன் வேலைக்குக் கிளம்பினான். நீல ஒயரைச் சுருட்டி மறக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டான். வீட்டில் ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனால் ஒரு முனை கொஞ்சம் தொங்கினால் போதும், இப்போது அந்த வீட்டில் போர்மேன் இரண்டு பேர்.