பக்கத்துக் கட்டில்

1954 ஆகஸ்டு இரண்டாவது வாரத்திலிருந்து, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருந்த அந்தப் பதினாறு கட்டில் ஆஸ்பத்திரியில், நர்ஸோ டாக்டரோ வீட்டாரோ ஒரு நோயாளியிடம் அவன் நோயைப் பற்றிச் சொன்னால் அது பக்கத்துக் கட்டில்காரனுக்கு மட்டும் கேட்டது. நோயாளிக்குச் சொன்னவரின் வாய் அசைவதுதான் தெரிந்தது. அந்த வாரம் மழை நன்றாகப் பெய்தது, சந்தையில் மரச்சீனிக் கிழங்கு மலிந்து கிடந்தது. அந்தத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடா கேரளத்தோடா என்ற எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்ததால் ஒரு வார்டின் கோளாறை விசாரிக்க யாருக்கும் நேரமில்லை.

இதில் அதிகம் திண்டாடியவள் நர்ஸ் சரசம்மா. மற்ற நர்ஸுகள் நோயின் உண்மையைச் சொந்தக்காரர்களிடம் வராந்தாவில் சொல்லிவிட்டு, நோயாளியிடம் எல்லாம் சரியாகிவிடும் என்று சிரிப்பார்கள். சரசம்மாவுக்கு அந்தப் பழக்கம் பிடிக்காது. உடம்பு யாருடையதோ அவரிடமே சொல்லவேண்டும் என்பாள். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்வாள். இப்போது ஒருவன் கையைப் பிடித்து அவன் குடல்புண்ணைச் சொன்னால் அடுத்தவன் ஐயோ என்று எழுந்து உட்கார்ந்தான். தான்தான் கிறுக்கியாகிவிட்டேனோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் கண்ணாடிக்கு முன் நின்று தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். நன்றாகக் கேட்டது. குழப்பம் அதிகமானதுதான் மிச்சம்.

ஏழாம் கட்டிலில் பூதலிங்கம் பிள்ளை கிடந்தார். தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கொடி பிடித்தவர். ஊர்வலம் கலைந்து ஓடியபோது கய்யாலைச் சுவர் ஏறிக் குதித்துக் கால் முறிந்து, புண் அழுகிவிட்டது. முட்டுக்குக் கீழே எடுக்காவிட்டால் ஆள் பிழைக்கமாட்டார். ஆனால் கால்காரன் விஷயம் தெரிந்து தன் வாயால் சம்மதிக்காமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று டாக்டர் பிடிவாதமாக இருந்தார். சரசம்மா சொன்னாள், கேட்கவில்லை. எழுதிக் காட்டினாள், தாளில் ஒன்றுமில்லையே என்றார் பிள்ளை. எட்டாம் கட்டில் தங்கப்பனுக்கு எல்லாம் கேட்டது, அவன் எடுத்துச் சொன்னால் போதும். ஆனால் அந்த ஊர்வலத்தில் பறந்த கல்லில்தான் அவன் வெற்றிலைக்கடை நொறுங்கியிருந்தது. அவன் கேரளத்தோடு சேரவேண்டும் என்ற கட்சி. அவருடன் பேசுவதில்லை என்று வீம்பு பிடித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

இந்தச் சமயம் பார்த்து, சண்டை வேண்டாம் என்று டாக்டர் தமிழர்களை ஒரு வரிசையிலும் மலையாளிகளை எதிர் வரிசையிலும் பிரித்துப் போடச் சொன்னார். எல்லோரும் இரண்டு பாஷையும் பேசியதால் பிரிக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று. மலையாளத்தில் திட்டித் தமிழில் ஜெபம் செய்யும் எலியா என்ற நோயாளியை எங்கே சேர்ப்பதென்று தெரியாமல் வாசல்நடையில் போட்டார்கள். மறுநாளிலிருந்து, பக்கத்தில் தன் பாஷைக்காரனே கிடக்க, யார் சேதியும் பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்கவில்லை. மூன்று நாள் சரசம்மா காற்றோடு பேசினாள். பிள்ளையின் கால் கறுத்துக்கொண்டே வந்தது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

நான்காம் நாள் காலையில் யாரையும் கேட்காமல் அவளே பிள்ளையின் கட்டிலை இழுத்துக்கொண்டுபோய்த் தங்கப்பன் கட்டிலோடு முட்டவிட்டாள். வராந்தாவில் நின்ற பிள்ளையின் மனைவி உமையம்மாளைக் கூட்டிவந்து, தான் சொன்னதையெல்லாம் அப்படியே அவரிடம் சொல்லச் சொன்னாள். உமையம்மாள் கணவரின் கையைப் பிடித்துச் சொன்னாள். கால் போனாலும் போகட்டும், நீங்கள் வேண்டும் என்றும் சொன்னாள். பிள்ளை அவள் வாயையே பார்த்து விழித்தார். அத்தனையும், அழுகையோடு, தங்கப்பன் காதில் இறங்கியது. அவன் போர்வையால் காதை மூடிப் பார்த்தான். பிறகு எழுந்து உட்கார்ந்தான்.

"ஓய் பிள்ளே, உமக்க காலு அழுகியாச்சு. வியாழாச்சே முட்டுக்குக் கீழே வெட்டணும், இல்லேங்கி செத்துப்போவீரு. சிஸ்டர் இத்தனை நாளும் இதைத்தான் சொல்லுதாவ. பெண்ணும்பிள்ளைக்கு உம்ம காலு வேண்டாம், நீருதான் வேணுமாம்."

பிள்ளை போர்வையை விலக்கிக் காலைப் பார்த்துக்கொண்டார். "வெட்டச் சொல்லும்" என்றார்.

1956 நவம்பரில் கோடு கிழித்தார்கள். தெற்கே நான்கு தாலுகா தமிழ்நாட்டோடு போயிற்று, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு தமிழன், ஒரு மலையாளி என்று கட்டில் போடுவது வழக்கமாகிவிட்டது. அடிக்கடி வந்து படுக்கும் எலியா மட்டும் எந்தக் கட்டிலுக்கும் பொருந்தினான்.

1963இல் தங்கப்பன் ஈரல் வீங்கி வந்து சேர்ந்தபோது, அடுத்த பஸ்ஸில் ஊன்றுகோலோடு பிள்ளையும் வந்து இறங்கினார். அவருக்கு ஒரு நோயும் இல்லை. சரசம்மா அவரைப் பக்கத்தில் படுக்கவைத்து, பதிவேட்டில் நோய் என்ற இடத்தில் "பக்கத்துக் கட்டில்" என்று எழுதினாள். பிறகு தங்கப்பனின் மணிக்கட்டைப் பிடித்து, இந்த மாதம் தாண்டாது என்பதையும் வலி எப்படி வரும் என்பதையும் மெதுவாகச் சொன்னாள். தங்கப்பன் அவள் வாயசைவைப் பார்த்துவிட்டு, வழக்கப்படி பிள்ளையின் பக்கம் திரும்பினான்.

"எனக்க சங்கதி என்னவாக்கும், பிள்ளே?"

பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் சொல்லத் தொடங்கினார். சரசம்மா அடுத்த கட்டிலுக்குப் போனாள்.