பாலில் ஊறிய ரொட்டி

இட்லியைப் பிட்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள் பொலெத். எதிரில் ஏழு வயது மகள் தெரேஸ் எச்சிலை விழுங்கிக்கொண்டு காத்திருந்தாள். புதுச்சேரி ஸ்டேஷனில் இறங்கியதும் கண்ணில் பட்ட முதல் காபி கிளப் அது.

“இதுல ரவை கலந்திருக்கா?”

பரிமாறுகிற ராஜாங்கம் தோள் துண்டை உதறினான். “அரிசியும் உளுந்துந்தாம்மா. சம்பந்தி வூட்டுக்காரங்க கணக்கா சோதிக்கிறீங்களே!”

“கோதுமை பட்டாலே இவளுக்கு ஆகாது. சாம்பாரும் வேணாம், பெருங்காயத்துல மாவு சேர்ப்பாங்க.”

“பிரான்சுலேர்ந்து வர்றீங்க, ரொட்டி ஆகாதா? நல்ல கூத்தும்மா!” சிரித்துக்கொண்டே உள்ளே போனவன், கேட்காமலே ஒரு கிண்ணத்தில் சர்க்கரையும் நெய்யும் கொண்டுவந்து வைத்தான். “வெறும் இட்லி தொண்டையில நிக்கும். தொட்டுக்க பாப்பா.”

கப்பலில் ஒவ்வொரு வேளையும் ரொட்டிக் கூடைதான் முதலில் மேசைக்கு வந்தது. சூப்பில் மாவு, மீனின் மேல் மாவு. அவித்த உருளைக்கிழங்கையும் வாழைப்பழத்தையும் கொடுத்தே மகளை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தாள் பொலெத். பிரான்சில் அவர்கள் இருக்கும் துலோனில் புருஷன் அல்பேருக்கு லீவு கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு மூத்தவள் மிரேயின் கல்லறையில் ஒரு மெழுகுவத்தியாவது ஏற்ற வேண்டும் என்று இவள் புறப்பட்டுவிட்டாள். சோறு தின்கிற ஊர், அங்கே என்ன பயம் என்று கடல் நெடுகத் தேற்றிக்கொண்டாள். புதுச்சேரியில் விட்டுப்போன வீட்டை நினைத்தால்தான் பயமாக இருந்தது. மிரேய் அந்த வீட்டில்தான் நான்கு வயதில் இறந்துபோனாள்.

பூட்டிக் கிடந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவள் முதலியார்பேட்டை அஞ்சலாட்சி. அந்த வீட்டில் நெடுங்காலம் சமைத்தவள்; பிள்ளை குட்டி இல்லாதவள். பிரான்சிலிருந்து வருகிறவர்களுக்கு ரொட்டி வாங்கி வைப்பதுதான் அந்தத் தெருவில் மரியாதை. மேசை மேல் வெள்ளைத் துணியில் சுற்றிய நீள ரொட்டி இருந்தது. வீடு முழுக்க அந்த வாசனை.

“காலங்காத்தால போயி சூட்டோட வாங்கியாந்தேன் மதாம். பால்ல ஊறப்போட்டு ஊட்டட்டுமா? மிரேய் பாப்பாவுக்கு ஊட்டுவனே, அந்த மாதிரி.” அவள் கண் நிறைந்துவிட்டது. “கடைசி வாய்கூட என் கையாலதான் வாங்கிச்சு. எனக்கு அந்த ஒரு பாக்கியம் போதும்.”

பொலெத் தெரேசை மேசையிலிருந்து தள்ளி நிறுத்தினாள். மிரேய் வயிறு ஊதி, கை கால் குச்சியாகிக் கிடந்தபோது, சோறு வேண்டாம், ரொட்டி கொடுங்கள், பலம் வரும் என்று அன்றைய டாக்டர் சொன்னார். குழந்தை முகத்தைத் திருப்பத் திருப்ப, கிண்ணத்தைக் கரண்டியால் தட்டி, கதை சொல்லி, அஞ்சலாட்சி ஊட்டினாள். பல வருஷம் கழித்துத் தெரேசும் அதேபோல் இளைக்கத் தொடங்கியபோதுதான் துலோன் டாக்டர் கோதுமைதான் காரணம் என்று கண்டுபிடித்தார். மூத்த குழந்தைக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று மெதுவாகச் சொன்னார்.

கோதுமை தெரேசுக்கு விஷம் என்று சொன்னால் அஞ்சலாட்சி மிரேய்க்கு ஊட்டிய தன் கையைப் பார்ப்பாள். சொல்லாவிட்டால் யாரும் பார்க்காதபோது ஆசையாக ஒரு துண்டு ஊட்டிவிடுவாள்.

“மாதாவுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன் அஞ்சலாட்சி. இவ கோதுமை தொடக் கூடாது.”

அஞ்சலாட்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ரொட்டியை உடனே துணியோடு எடுத்து எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். “வேண்டுதல்னா வேண்டுதல்தான். பாப்பா இங்க இருக்கிற மட்டும் நானும் தொட மாட்டேன்.”

அன்று செபமாலை சொல்லும்போது பொலெத்துக்கு நெஞ்சு உறுத்தியது. ஒருத்தி மனம் நோகக் கூடாது என்று உம்முடைய பெயரைச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளும் என்று கேட்டுக்கொண்டாள்.

சோறு, வீராம்பட்டினத்து மீன், அரிசிமாவு ஆப்பம் என்று நாட்கள் நல்லபடியாகவே போயின. ஆனால் ஒரு நடுப்பகலில் கண்ணயர்ந்தவள் திடுக்கிட்டு எழுந்தாள். கிண்ணத்தில் கரண்டி தட்டும் சத்தம். டிங், டிங். வேர்த்துக்கொண்டு ஓடிப் பார்த்தால், அஞ்சலாட்சி தெரேசுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒளியை முதுகில் வாங்கி உட்கார்ந்திருந்த அந்தச் சின்னத் தலை எந்தப் பிள்ளையுடையது என்று ஒரு கணம் தெரியவில்லை.

அதற்கப்புறம் தெரேசுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. வயிறு உப்பியது, நெற்றியில் முடி ஒட்டிக்கொண்டது. படியேறி வருகிற ஒருவரைப்போல, தெரேசின் முகத்துக்குள் மிரேயின் முகம் நாளுக்கு நாள் மேலே வந்துகொண்டிருந்தது. பொலெத் உப்பைச் சந்தேகித்தாள், எண்ணெயைச் சந்தேகித்தாள், ஆட்டுக்கல்லைக்கூடக் கழுவிப் பார்த்தாள். ஒரு காலையில் சமையற்கட்டுக்குள் நுழைந்தபோது, அஞ்சலாட்சி லோட்டாவில் வெளுப்பாக எதையோ வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன அது?”

“பார்லித் தண்ணி மதாம். பிரயாணத்துல புள்ளைக்கு ஒடம்பு சூடு ஏறிப்போச்சு. வந்ததுலேர்ந்து தெனம் குடுக்கறேன். பயப்படாதீங்க, இது கோதுமை இல்ல. வேண்டுதல் எனக்குத் தெரியாதா?”

பொலெத் லோட்டாவை வாங்கித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். அஞ்சலாட்சி மிரண்டாள். “பார்லியும் வேண்டுதல்ல சேத்தியா?”

ஆமாம் என்ற சொல் நாக்கின் நுனியில் இருந்தது. மாதாவின் பெயரை இன்னொரு முறை பொய்க்கு இழுக்க அவளால் முடியவில்லை.

“வேண்டுதலே இல்ல, அஞ்சலாட்சி. வியாதி. கோதுமையும் பார்லியும் இவளுக்கு வெஷம்.”

“எப்பலேர்ந்து?”

“பொறந்ததுலேர்ந்து.”

அஞ்சலாட்சி கூடத்தில் படுத்திருந்த தெரேசைத் திரும்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். “இந்த வயிறு நான் பாத்த வயிறு மதாம்.”

பொலெத் தலையசைத்தாள்.

“அது மூஞ்சியத் திருப்பிச்சே... நான்தான் விடாம ஊட்டினேன்.”

“டாக்டர் சொன்னாரு. வாங்கியாரச் சொன்னது நானு. நம்ம யாருக்கும் தெரியாது.”

“ஊட்டினது நானு,” என்றாள் அஞ்சலாட்சி. எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானம் பொலெத்தே அரிசியைக் குழைய வடித்து உப்புப் போட்டு எடுத்துவந்தாள். தெரேஸ் உதட்டை அழுத்தி மூடிக்கொண்டாள். “அஞ்சலாட்சிம்மாதான் ஊட்டணும்.”

“என் கை வேணாம் பாப்பா,” என்று கொல்லை வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

பொலெத் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். மதாம் தனக்குத் தண்ணீர் வார்க்கிறாள் என்று தெரிந்ததும் அஞ்சலாட்சி பதறிக் கையை இழுத்தாள். பொலெத் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவிவிட்டாள். “வா. புள்ளை பசியா இருக்கா.”

அஞ்சலாட்சி தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். பொலெத் மகளின் வரிசையில் தரையில் அமர்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தாள்: தனக்கும் தெரேசுக்கும் நடுவில், ஒரு சின்னப் பிள்ளை உட்காரும் அளவுக்கு, இடம் விட்டிருந்தது. நகர்ந்துகொள்ள மனம் வரவில்லை.

அஞ்சலாட்சியின் கை மேலே வந்து, அந்த இடத்துக்கு நேராக நின்றது. பிறகு மெல்லத் தெரேசின் பக்கம் திரும்பியது. திரும்பும்போது ஒரு சோற்றுப் பருக்கை காலியாக இருந்த தரையில் உதிர்ந்தது.