நானூற்றுப் பதினேழாம் எண் பெல்

திங்கட்கிழமை காலை கராஜில் போர்வையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது என்னுடைய பெல் இல்லை.

என்னுடையதில் திராட்சைக்கொடி செதுக்கியிருக்கும். இதில் முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளை எனக்கு நன்றாகவே தெரியும். என் நண்பன் டெல்மர் தன் சூசஃபோனைத் தோளில் மாட்டினால், அவன் தலைக்கு மேலே நின்று எல்லோரையும் பார்ப்பவள் அவள்தான்.

சூசஃபோனைப் பார்த்திருப்பீர்கள். பாண்டு ஊர்வலத்தில் கடைசி வரிசையில் வருகிறவன் உடம்பைச் சுற்றிப் பித்தளைக் குழாயை மாட்டிக்கொண்டு, தலைக்கு மேல் பெரிய வாயை விரித்து ஊதிக்கொண்டு வருவானே, அதுதான். அந்த வாயைத்தான் பெல் என்கிறோம். நானும் டெல்மரும் சேர்ப்பது அதிலேயே ராட்சத ரகம். நூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் இண்டியானா பக்கத்தில் கொஞ்ச காலம் செய்தார்கள். சுமக்க ஆள் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். பின்னால் இருபத்தாறு கிறுக்கர்கள் இதற்காகவே பிறப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

அந்த இருபத்தாறு பேரும் ஆகஸ்ட் முதல் ஞாயிறு ஒஹாயோவில் ஒரு பொருட்காட்சித் திடலில் கூடுவோம். வாத்தியத்துக்கு வாத்தியம் மாற்றிக்கொள்வோம். பணம் கைமாறக் கூடாது என்பது எங்கள் சட்டம். முழுசாக எந்த வண்டியிலும் ஏறாது என்பதால், கழுத்திலுள்ள மூன்று திருகுகளைக் கழற்றி, உடலைத் தனியாகவும் பெல்லைத் தனியாகவும் போர்வையில் சுற்றித்தான் கொண்டுபோவோம். இப்படிக் கழற்றிக் கழற்றியே, இந்த நூறு வருடத்தில் எந்த உடலின் பெல் எங்கே போனது என்று தெரியாமல் போய்விட்டது. உடலின் எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தைப் பெல்லின் கழுத்துக்கு உள்ளே தட்டி வைத்திருப்பார்கள். இரண்டும் பொருந்துகிற வாத்தியத்தைக் 'கல்யாணமானது' என்போம். எங்களில் இரண்டே பேரிடம்தான் அது இருக்கிறது. மற்றவர்கள் கிடைத்த பெல்லை மாட்டிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறோம்.

என் வாத்தியத்தின் எண் நானூற்றுப் பதினேழில் முடியும். திராட்சைக்கொடி பெல் அதன் கழுத்தில் சரியாக உட்காராது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குவேன். அப்படியும் அடி ஸ்வரத்துக்குப் போனால் குரல் பிளந்துவிடும். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் வரிசையாக நின்று அந்த அடி ஸ்வரத்தைத்தான் ஊதிவிட்டுக் கலைவோம். இந்த ஞாயிறும் ஊதினோம். இருபத்தைந்து பேர் தரையை அதிர வைத்துக்கொண்டிருக்க, என்னுடையது கழுதை மாதிரிக் கத்தியது. மிச்சிகன்காரன் ஒருவன் தோளில் தட்டி, "வெர்லின், அதுக்கு ஒரு இருமல் மருந்து வாங்கிக் குடுப்பா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அழாமல் இருப்பதற்காக நானும் சிரித்தேன்.

எனக்கு முதுகுவலி. சாமான்களை என் வேனில் ஏற்றியது டெல்மர்தான். இரண்டு பேர் போர்வையும் ஒரே மாதிரிப் பழுப்பு நிறப் பட்டாளத்துப் போர்வை. அவசரத்தில் மாற்றி வைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

உடனே போன் செய்திருக்க வேண்டும். அடுத்தவன் பெல்லோடு வீட்டுக்குப் போனவன் பார்த்த நிமிடமே சொல்லிவிட வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் ஒருவன் மூன்று வாரம் கழித்துச் சொன்னான். பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்துவிட்டார்கள். இப்போது யாரும் அவனைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும். போனைக் கையில் எடுக்கவும் செய்தேன். பாழாய்ப்போன ஆசை விடவில்லை. ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லலாமே என்று தோன்றியது.

மாட்டினேன். டேப் தேவைப்படவில்லை. தானாக வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அடி ஸ்வரத்தை ஊதினேன். சுவரில் தொங்கிய ஸ்பேனர்கள் எல்லாம் நடுங்கின. குரல் பிளக்கவில்லை. நம்பாமல் இன்னொரு தடவை ஊதினேன். வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி லுவான் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"யாரு வந்திருக்கா?"

"யாரும் இல்ல. நான்தான்."

"நீயா? பொய் சொல்லாத."

அவள் போனதும் பெல்லைக் கழற்றிக் கழுத்துக்குள் டார்ச் அடித்தேன். நான்கு, ஒன்று, ஏழு. தெளிவாக இருந்தது. யார் கேட்டாலும் டெல்மர், "என்னோடதுல நம்பர் தேஞ்சுபோச்சுப்பா" என்பான். கண்ணில் புரை விழுந்தவன், அவனுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் வாத்தியத்தோடு பிறந்த பெல் எட்டு மைல் தள்ளி அவன் வீட்டில் இத்தனை காலம் இருந்திருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சந்தோஷம் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. டெல்மர் என் நண்பன்தான். ஆனால் வாத்தியம் மாற்ற உட்கார்ந்துவிட்டால் பெற்ற தாய்க்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். தன் பெல் என் உடலுக்கு உரியது என்று தெரிந்தால் என்ன கேட்பான்? என்னிடமிருக்கும் மற்ற ஆறு வாத்தியங்களையும் கேட்பான். அதைக்கூடக் கொடுத்துவிடுவேன். தர முடியாது என்று சொல்லிவிட்டால்? வெர்லினிடம் கல்யாணமான வாத்தியம் இருக்கும், தன்னிடம் இருக்காது என்பதை அவன் எப்படிப் பொறுத்துக்கொள்வான்? அதுதான் என் பயம். அந்தப் பயத்திலேயே திங்கட்கிழமை போய்விட்டது.

செவ்வாய் முழுக்கப் போன் எப்போது அடிக்கும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அவன் போர்வையைப் பிரித்தே பார்க்கவில்லையா? பார்த்துவிட்டு நான் சொல்கிறேனா என்று காத்திருக்கிறானா? மற்ற இருபத்து நாலு பேருக்கும் சொல்லி ஆகிவிட்டதா? மத்தியானம் எவனோ கூரைக்குத் தகடு போடட்டுமா என்று கேட்டுப் போன் செய்தான். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"டெல்மர்கிட்ட பேசித் தொலையேன்" என்றாள் லுவான். "மாறிப்போச்சுன்னு சொல்றதுக்கு என்ன வந்துச்சு?"

"சொன்னா வந்து எடுத்துட்டுப் போயிடுவான்."

"அவனோடதுதானே?"

"அவனோடதுதான். ஆனா என்னோடது."

"ரெண்டு நாளா இதையேதான் சொல்ற. டாக்டர்கிட்ட போலாமா?"

புதன்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. என் அறுபத்து மூன்று வருடத்தில் வந்ததிலேயே கேவலமான யோசனை. அன்றைக்கு அப்படித் தெரியவில்லை. எண் இல்லாவிட்டால் இது வெறும் ஒரு பெல். டெல்மரிடம் சாதாரணமாகச் சொல்லலாம், அது உன்கிட்ட இருக்கட்டும், இது என்கிட்ட இருக்கட்டும், பெல்லுக்குப் பெல் சரியாப்போச்சு என்று. அவனும் சிரித்துவிட்டுச் சரி என்பான். எண் தேய்ந்துவிட்டது என்று நம்புகிறவன், அதைத் தேடப் போவதில்லை.

பழைய வெள்ளி முலாமைப் பளபளவென்று தேய்க்கிறவனையே நாங்கள் மனிதனாக மதிப்பதில்லை. எண்ணை அழித்த ஒருவனைப் பற்றி நான் கேள்விப்பட்டதே கிடையாது. கராஜ் கதவைச் சாத்திக்கொண்டேன். உப்புத்தாளை விரலில் சுற்றிக் கழுத்துக்குள் விட்டு, ஏழிலிருந்து தொடங்கினேன். அந்தக் காலத்துப் பித்தளை, சுலபத்தில் விடவில்லை. நாற்பது நிமிடம் ஆனது. நடுவிலிருந்த ஒன்று ஆழமாகப் பதிந்திருந்ததால் கடைசியாகத்தான் போனது. புதுப் பளபளப்பு தெரியாமலிருக்கக் கரியும் எண்ணெயும் குழைத்துத் தடவினேன். அன்று சாப்பிட உட்காரும் முன் மூன்று தடவை கை கழுவினேன்.

வியாழக்கிழமை போன் அடித்தது.

"வெர்லின்."

"சொல்லு."

"சனிக்கெழம வீட்ல இருப்பியா?"

"நான் எங்க போகப்போறேன்."

"வர்றேன். ஒரு விஷயம் பேசணும். போன்ல வேணாம்."

வைத்துவிட்டான். போன்ல வேணாம் என்றால் என்ன அர்த்தம்? அன்றும் மறுநாளும் அதையே மென்றுகொண்டிருந்தேன். சோறு தண்ணி இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை குளியலறைக் கண்ணாடி முன் நின்று, "அட, மாறிப்போச்சா? நான் கவனிக்கவே இல்லப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. மறுபடி சொல்லிப் பார்த்தேன்.

"அந்த 'அட'வ மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கோ" என்றாள் லுவான் கதவுக்கு வெளியிலிருந்து. "கூரைக்காரன்கூட நம்ப மாட்டான்."

சனிக்கிழமை பத்து மணிக்கு டெல்மர் வந்தான். பழுப்புப் போர்வை மூட்டையை மெதுவாகச் சோபாவில் சாய்த்து வைத்தான். லுவான் தான் சுட்ட சர்க்கரைப் பாலாடைப் பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டி, காப்பியோடு கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அவன் முள்கரண்டியை எடுக்கவே இல்லை. முப்பது வருடத்தில் லுவானின் பலகாரத்தை அவன் தொடாமல் விட்டு நான் பார்த்ததில்லை.

"பெல் மாறிப்போனது தெரியும்ல?" என்றான்.

கண்ணாடி முன் பழகிய வசனம் வரவில்லை. "தெரியும்" என்றேன்.

"அது மாறிப்போகல. நான்தான் மாத்தி வச்சேன்."

நான் அவனையே பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. காப்பிக் கோப்பையைப் பார்த்துப் பேசினான்.

"பதினோரு வருஷம் முன்னாடி உன் வாத்தியத்தோட வால்வு மூணையும் சரிபண்ணிக் குடுத்தேன்ல. அப்ப உன் நம்பரப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் என் பெல்லக் கழட்டிப் பார்த்தா அதே நம்பர். தேஞ்சுபோச்சுன்னு சொன்னதெல்லாம் பொய். உன்கிட்ட சொன்னா நீ கேப்ப. குடுத்துட்டா உன்னோடது என்னோடதவிட ஒசந்ததா ஆயிடும். அவ்ளோதான் காரணம். வேற ஒண்ணும் கெடையாது."

"டெல்மர்..."

"இரு, முடிச்சுடறேன். ஞாயித்துக்கெழம அவனுங்க சிரிச்சானுங்க. நீயும் கூடச் சிரிச்ச. உன் மொகத்த என்னால பார்க்க முடியல. அந்த இருமலுக்கு மருந்து பதினோரு வருஷமா என் வீட்ல கெடக்குதுன்னு எனக்குத்தானே தெரியும். அதான் ஏத்தறப்ப மாத்தி வச்சேன். நீ நம்பரப் பார்ப்ப, போன் பண்ணுவ, கண்டபடி திட்டுவ, அப்புறம் சரியாயிடும்னு நெனச்சேன். நாலு நாளு போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நீ பண்ணவே இல்ல."

சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் தொடாத தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"ரெண்டு பெல்லும் உனக்குத்தான்" என்று எழுந்தான். "அடுத்த வருஷம் எல்லார் முன்னாடியும் நான் பண்ணத நானே சொல்றேன். நீ நம்பரக் காட்டிட்டு மாட்டு. வேணும்னா என் பேர அடிச்சுக்கட்டும். வா, ஒரு தடவ ஊதிக் காட்டு. கேக்கணும்."

அவனே கராஜுக்கு நடந்தான். நான் பின்னால் போனேன். வேலை மேசைமேல் இருந்த பெல்லை எடுத்துத் திருப்பி, பார்க்காமலே கழுத்துக்குள் கட்டைவிரலை விட்டான். பதினோரு வருடமாகத் தடவிப் பழகிய இடம். விரல் ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்றுச் சுற்றியது. வெளியே எடுத்து, விரலில் ஒட்டிய கரியைப் பார்த்தான். கைக்குட்டையால் உள்ளே துடைத்துவிட்டு என் டார்ச்சை எடுத்து அடித்தான்.

"புதன்கெழம" என்றேன்.

"எதுக்கு?"

"நம்பரப் பார்த்தா நீ குடுக்க மாட்டியேன்னு."

அவன் டார்ச்சை அணைக்கவில்லை. எண் தேய்ந்துபோய்விட்டது என்று அவன் பதினோரு வருடம் சொன்ன பொய்யை, நான் நாற்பது நிமிடத்தில் உண்மையாக்கியிருந்தேன். அவமானம் தாங்காமல் எனக்குக் கோபம் வந்தது.

"நீ மட்டும் யோக்கியமா? பதினோரு வருஷம் மறைச்சு வச்சிருந்தவன்தானே?"

"மறைச்சேன்" என்றான். "அழிக்கல."

அடுப்படியிலிருந்து லுவானின் குரல் கேட்டது. "என்ன, சத்தத்தையே காணோம்? ஊதலையா?"

"நான் இன்னிக்கு ஒண்ணும் சொல்லாம பெல்ல மட்டும் கேட்டிருந்தா, என்ன சொல்லியிருப்ப?" என்று கேட்டான்.

"கவனிக்கவே இல்லன்னு சொல்லியிருப்பேன்."

தலையை ஆட்டிக்கொண்டான். டார்ச்சை மேசைமேல் வைத்துவிட்டு, தரையில் கிடந்த போர்வையை எடுத்து உதறினான்.

"குடுக்கறதுக்குத்தான் வந்தேன் வெர்லின். இப்ப மனசு வரல."

அது என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். எதைக் காட்டிச் சொல்வது? அந்தப் பெல் எந்த உடலுக்கு உரியது என்று உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குக் காட்ட இருந்ததை நானே என் விரலால் தேய்த்துவிட்டேன். அவன் போர்வையைச் சுற்றி முடிகிறவரை நான் நின்றுகொண்டிருந்தேன்.

கராஜின் சின்னக் கதவில் அது நேராக நுழையாது. சாய்த்துத்தான் கொண்டுபோக வேண்டும். டெல்மருக்குக் கண் சரியில்லை, பெல்லின் விளிம்பு கதவு நிலையில் இடிக்கப் பார்த்தது. போய் ஒரு பக்கம் பிடித்தேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. காரின் பின் சீட்டில் ஏற்றவும் இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் தள்ள, ஒருவர் மறுபக்கமிருந்து இழுக்க. நான் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்து, குனிந்து விளிம்பைப் பிடித்தேன்.

"மெதுவா" என்றான்.

"மெதுவாத்தான் இழுக்கறேன்."

உள்ளே உட்கார்ந்ததும், எங்கேயும் நசுங்கியிருக்கிறதா என்று போர்வையை விலக்கி இரண்டு பேரும் பார்த்தோம். நசுங்கவில்லை. நான் என் பக்கத்துக் கதவைச் சாத்தினேன். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.