கிழியும்வரை இழுத்துப் பார்ப்பவள்

துணி ஆலையில் அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. நெய்த துணியில் ஒரு சாண் வெட்டி, இயந்திரத்தின் இரண்டு பிடிகளில் மாட்டி, கிழியும்வரை இழுத்து, எத்தனை கிலோ தாங்கியது என்று எழுத வேண்டும். அதனால் ஆலையில் அவளுக்குக் ‘கிழிசல்’ என்றே பெயர்.

மூன்று மாதமாக ஒரு மனிதரையும் இழுத்துக்கொண்டிருந்தாள். ஆலையின் மெக்கானிக், அக்கா கைகாட்டிய வரன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

“நேத்து என்னடி பண்ணின?” ஃபோனில் அக்கா.

“சினிமா வாசல்ல ரெண்டு மணி நேரம் நிக்க வச்சேன். பொறுமைக்குப் பத்துக்கு ஒன்பது.”

“மீதி ஒண்ணு?”

“பெருமூச்சு விட்டாராம். வாட்ச்மேன் சொன்னாரு.”

“அடிப்பாவி! போன வாரம் டீயில உப்பு, அதுக்கு முந்தி பொய்க் காய்ச்சல். உங்க மாமாவுக்கு இந்தப் பரீட்சை வச்சிருந்தா நான் இன்னும் கன்னிப்பொண்ணுதான்!”

சோதனை அறையின் கதவு தட்டப்பட்டது. ஃபோனை வைத்தாள். கருவிப் பெட்டியோடு அந்த மெக்கானிக்கே நின்றார். பேச்சைக் கேட்டிருப்பார் போல, முகத்தில் சிரிப்பில்லை.

“மிஷின் பிடி நழுவுதாமே?”

“ஆமாங்க.”

குனிந்தவர் கண்ணில் கூடை நிறையக் கிழிந்த துண்டுகள் பட்டன.

“இதுல எதுங்க நல்ல துணி?”

“எல்லாமே நல்லதுதான். இது நாப்பது கிலோ தாங்கிச்சு.”

“தாங்கினத என்ன பண்ணுவீங்க?”

“அதான் கிழிஞ்சிடுச்சே. குப்பைக்குத்தான்.”

சொன்ன பிறகுதான் தன் பேச்சு தன் காதிலேயே விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“எனக்கு இன்னும் எத்தனை கிலோ பாக்கிங்க?” என்றார் அவர், ஸ்பானரைத் தேடியபடி.

அவள் கூடையை ஓரமாகத் தள்ளினாள். “மன்னிச்சிடுங்க. எனக்குச் சம்மதம்.”

“சரி. எனக்குச் சம்மதமான்னு யாரும் கேக்கலையே?”

உண்மைதான். மூன்று மாதத்தில் அந்த ஒரு கேள்வி மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

“உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டாள்.

“டார்ச்சப் பிடிங்க. முடிச்சிட்டுச் சொல்றேன்.”

இயந்திரத்துக்கு அடியில் படுத்து, முதல் நட்டைத் துடைத்தார். இரண்டாவதை ஊதினார். மூன்றாவதை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று தெரிந்தும் அவள் டார்ச்சைப் பிடித்தபடி நின்றாள்.

“வெளிச்சம் ஆடுதுங்க.”

“சொல்லிட்டீங்கன்னா நின்னுடும்.”

இயந்திரத்துக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. “சம்மதம்தாங்க. கீழ வாங்க, ஒரு நட்டு உருண்டு ஓடிடுச்சு.”

அவள் தரையில் மண்டியிட்டாள்.