பத்ம நிவாஸ் நடைபாதை

அகிலாண்டத்துக்குப் போட்டோ எடுக்கத் தெரியாது என்பதில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. மற்றவர்கள் எடுக்கிற படத்தில் கட்டடம் கம்பீரமாக நிற்கும். வளைந்த பால்கனி, மாடிப்படியின் நீளக் கண்ணாடி, உச்சியில் சிமெண்டில் புடைத்து நிற்கும் வருஷம், எல்லாம் தெரியும். இவள் படத்தில் பாதிக்கு மேல் நடைபாதை. பால் பாக்கெட்டோடு போகிறவன், நாய் இழுத்த இழுப்புக்கு ஓடுகிறவள், பெஞ்சில் சுருண்டு தூங்குகிறவன். கட்டடம் முதல் மாடியோடு முடிந்துவிடும்.

"மாமி, உங்க ஃபோட்டோல பில்டிங்குக்குத் தலையே காணோமே!" என்பாள் சுஷ்மா. கூட்டத்தை நடத்துகிறவள் அவள்தான். கட்டடக்கலை நிபுணர். விடிவதற்குள் வாஷியில் ஹார்பர் லைன் ரயில் பிடித்து வந்துவிடுவாள். ஒரு பழசு எடுத்தால் ஒரு புதுசு எடுக்க வேண்டும் என்பது அவள் சட்டம். மாதுங்காவில் ஒரு வாரம் என்றால், அடுத்த வாரம் செம்பூர் டவர்கள். "ஃபுட்பாத்தை விடுங்க. ஆளுங்க எல்லா இடத்துலயும்தான் இருக்காங்க, ஹைனா? மேலே பாருங்க மாமி, மேலே!"

"சரிம்மா" என்பாள் அகிலாண்டம். அடுத்த படத்திலும் நடைபாதைதான் இருக்கும்.

அறுபத்து மூன்று வயதில் இதென்ன பிடிவாதம் என்று நமக்கும் தோன்றும். பிடிவாதமெல்லாம் ஒன்றுமில்லை. அவள் கட்டடத்தை எடுக்க வரவே இல்லை. புருஷனைத் தேட வந்தாள்.

வேங்கடசுப்ரமணியன் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று மஞ்சள் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினார். முந்தின வருஷமே மறதி தொடங்கியிருந்தது. பல் தேய்த்துவிட்டு வந்து மறுபடியும் தேய்ப்பார். கனடாவிலிருந்து லீவில் வந்த பையன் அஷ்வத்திடம், "ஸார் எந்த செக்‌ஷன்?" என்று மரியாதையாகக் கேட்டார். ஆனால் வீடு மட்டும் அவருக்கு மறந்ததே இல்லை. எங்கே சுற்றினாலும் பத்ம நிவாஸ் வாசலுக்கு வந்து சேர்ந்துவிடுவார். எதிர் நடைபாதையில் நின்று, இடது பாதத்தைத் தூக்கி வலது கால் ஆடுசதையைத் தேய்த்துக்கொண்டே இரண்டாம் மாடியை அண்ணாந்து பார்ப்பார். "நான் வந்துட்டேன்" என்று ஒரு குரல் கொடுப்பார். அன்றைக்கு மட்டும் குரல் வரவில்லை.

போலீஸில் புகார் எழுதும்போது புருஷன் பெயர் கேட்டார்கள். டெலிபோன் ஆபீஸில் முப்பது வருஷம் ஊரார் பெயரையெல்லாம் சொல்லி லைன் கொடுத்தவள், அந்த ஒரு பெயருக்கு வாய் திறக்காமல் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து "ஏன்னா" தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடைசியில் காகிதம் வாங்கி எழுதிக் கொடுத்தாள். பேப்பரில் படம் போட்டார்கள். ஆஸ்பத்திரி, ஆசிரமம் ஒன்று பாக்கியில்லை. அஷ்வத் ஒரு மாதம் அலைந்துவிட்டு, வேலை போய்விடும் என்று விமானம் ஏறினான்.

பிறகு இவள் தனியாகத் தேட ஆரம்பித்தாள். தெருவில் போகிறவர் முகத்தையெல்லாம் ஒரு மாமி உற்று உற்றுப் பார்த்தால் சும்மா இருப்பார்களா? போனைத் தூக்கிப் படமெடுத்தால் சண்டைக்கே வந்துவிடுவார்கள். கட்டடம் எடுக்கிற கூட்டத்தோடு போனால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அப்படித்தான் இதில் சேர்ந்தாள். எடுத்த படங்களை வீட்டுக்கு வந்து, சாப்பிடக்கூட மறந்து, இரண்டு விரலால் பெரிசாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். தாராவியில் ஒரு நாள் தோல் பட்டறை வாசலில் நின்றவர் அவராகவே தெரிந்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் வேறு யாரோ. இதெல்லாம் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் ஐயோ பாவம் என்பார்கள். அதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

இதற்கு நடுவில் பத்ம நிவாஸை இடித்து இருபத்திரண்டு மாடி கட்டுவதாக ஒரு பில்டர் வந்தான். பன்னிரண்டு வீட்டில் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அகிலாண்டம் போடவில்லை. ஃப்ளாட் அவள் பெயரில், அவள் சம்பளத்தில் வாங்கியது. அவள் மாட்டேன் என்றால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஒரு பெண்பிள்ளையை எப்படி கோர்ட்டுக்கு இழுப்பது என்று குடியிருப்பு சொசைட்டி செக்ரட்டரி கிருஷ்ணா இரண்டு வருஷம் இழுத்தடித்துப் பார்த்தார். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு நியாயம்தான். அவருக்குத் தெரிந்த இடம் உலகத்தில் இது ஒன்று. இதையும் இடித்துவிட்டால் மனுஷன் எங்கே வந்து நிற்பார்?

ஒரு சனிக்கிழமை, கிருஷ்ணா வீட்டுச் சமையலறைக் கூரை பெயர்ந்து அடுப்பு மேல் விழுந்தது. அவர் பெண்டாட்டி அந்த நேரம் குளித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தாள். கிருஷ்ணா மேலே வந்தார். சண்டை போடவில்லை. சிமெண்ட் தூசி படிந்த தலையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமி, நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களே ஒருதரம் வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தாள். தோசைக்கல் இரண்டாக மடங்கிக் கிடந்தது. அன்று சாயங்காலம் அஷ்வத்தும் போனில், "அம்மா, நாலு வருஷமாச்சு. அப்பா இனிமே வரமாட்டா. நீயாவது நன்னா இருக்கணும்னு நினைக்கப்படாதா?" என்று அழுதான்.

"திங்கக்கிழமை வாங்கோ, போட்டுத் தரேன்" என்று கிருஷ்ணாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் ஞாயிறு. கூட்டம் அன்றைக்கு மாதுங்காவில்தான், பட்டியலில் பத்ம நிவாஸும் இருந்தது. அவள் அங்கே குடியிருப்பதை ஒருவரிடமும் சொன்னதில்லை. புறா உள்ளே வந்து அட்டகாசம் பண்ணும் என்று ஜன்னல், பால்கனிக் கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டுக் கீழே இறங்கி, எங்கிருந்தோ வருகிறவள் மாதிரி கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள்.

"மேலே பாருங்க" என்று சுஷ்மா ஆரம்பித்தாள். அகிலாண்டம் அன்று மேலே பார்த்தாள். இனி நடைபாதையில் என்ன இருக்கிறது? நாளைக்குக் கையெழுத்து. போகிற வீட்டை ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடுவோம் என்று இருந்தது அவளுக்கு. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு தாமரை செதுக்கியிருந்தது, அதன் கீழே 1938. முப்பத்தேழு வருஷம் அங்கே குப்பை கொட்டியிருக்கிறாள், அந்தத் தாமரையைப் பார்த்ததில்லை! போனை உயர்த்தி, தாமரை நடுவில் வரும்படி எடுத்தாள். நடைபாதை ஒரு விரல்கூட விழவில்லை.

"அரே வாஹ் மாமி!" சுஷ்மா படத்தை வாங்கி எல்லோருக்கும் காட்டினாள். கூட்டம் கைதட்டியது. அகிலாண்டத்துக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷமாக இருப்பதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை காலை நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கிருஷ்ணா மைசூர்பாகு கொண்டுவந்து வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டத்தின் வாட்ஸாப் க்ரூப்பில் நசீர் முந்தின நாள் எடுத்த படங்கள் வந்தன. நசீர் ஆண்டாப் ஹில்லில் ஏசி ரிப்பேர் செய்கிறவன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். கட்டடம் முழுசும் வர வேண்டும் என்று எல்லோரையும்விட ரொம்பப் பின்னால் போய் நின்று எடுப்பான். பழக்க தோஷத்தில் அகிலாண்டம் இரண்டு விரலால் கீழ்ப்பாதியைப் பெரிசாக்கினாள்.

எதிர் நடைபாதையில் கூட்டம் நிற்கிறது. முன்னால் அவளே, போனை உயர்த்திக்கொண்டு, அண்ணாந்தபடி. அவள் முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் ஒரு கிழவர். தாடி. யாருடையதோ ஒரு தொளதொளத்த சட்டை. வலது காலில் நின்றுகொண்டு, இடது பாதத்தால் ஆடுசதையைத் தேய்க்கிறார். அவரும் அண்ணாந்து இரண்டாம் மாடியைத்தான் பார்க்கிறார்.

நசீர் நம்பரை அழுத்த மூன்று தடவை ஆயிற்று.

"எத்தனை மணிக்கு எடுத்தே, அந்த பத்ம நிவாஸ் படத்தை?"

"எட்டு பத்து இருக்கும் மாமி. ஏன்? அந்தப் பெரியவரா? குறுக்க வந்துட்டாரு. வெட்டிரவா?"

"வெட்டாதே!" என்று கத்தினாள். "நசீர், அவர் ஏதாவது சொன்னாரா? குரல் ஏதாவது குடுத்தாரா?"

"என்னமோ சொன்ன மாதிரிதான் இருந்துச்சு மாமி. அந்நேரம் நாம எல்லாரும் கைதட்டிக்கிட்டு இருந்தோம்லா, காதுல விழல."

அவள் செருப்பில்லாமல் கீழே ஓடினாள். அவர் நின்ற இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். இரண்டாம் மாடியில் எல்லாம் சாத்திக் கிடந்தது. பாழும் புறாவுக்குப் பயந்து சாத்திய கதவு. ஆளில்லாத வீடு என்று எந்தப் பைத்தியக்காரனுக்கும் தோன்றும். கூப்பிட்டிருக்கிறார், பதில் இல்லை, போய்விட்டார். நாலு வருஷம் ஒவ்வொரு நடைபாதையாகத் தேடினாளே, சொந்த வாசல் நடைபாதையை அந்த ஒரு நாள் பார்த்திருக்கக் கூடாதா? அங்கேயே விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இளநீர்க்கடை செல்வம் ஓடி வந்தான். படத்தைக் காட்டினாள்.

"பாத்தேனே மாமி. ஸ்டேஷன் பக்கமா போனாரு. நம்ம மாமாவா இது? அடையாளமே தெரியலியே!"

நசீருக்கு எல்லாவற்றையும் சொன்னாள், வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. அவன் வேலையை விட்டுவிட்டு மூன்று வாரம் அவளோடு அலைந்தான். ஸ்டேஷன், மேம்பாலத்துக்கு அடியில், கோவில் வாசல், கோவண்டி வரைக்கும் போனார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிருஷ்ணாவிடம் கையெழுத்தைத் திருப்பிக் கேட்டாள். "பேப்பர் போயாச்சே மாமி" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல். அவளுக்கும் அந்த மடங்கிய தோசைக்கல் ஞாபகம் இருந்தது. அதற்கு மேல் கேட்கவில்லை.

காலி செய்ய ஐந்து மாதம் இருந்தது. அந்த ஐந்து மாதமும் கதவு ஜன்னல் ஒன்றைக்கூட சாத்தவில்லை. புறாக்கள் சமையலறை வரை வந்து குடித்தனம் நடத்தின. அவள் பால்கனியில் நாற்காலி போட்டு நடைபாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் வரவில்லை.

பில்டர் செம்பூரில் வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தான், புது டவரில் பதினாலாவது மாடி. சுத்தமாக, வெளிச்சமாக இருந்தது. எட்டிப் பார்த்தால் கீழே போகிறவர்களின் உச்சந்தலைதான் தெரிந்தது, முகம் ஒன்றும் தெரியவில்லை. முதல் நாளே அந்த பால்கனிக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

கிருஷ்ணாவிடம் ஒன்றே ஒன்று கேட்டு வாங்கினாள். மனையைச் சுற்றி அடிக்கிற தகரத் தடுப்பில், கேட்டுக்குப் பக்கத்தில், அவள் ஒரு போர்டு எழுதிக்கொள்வாள். பெயிண்டருக்குத் தமிழ் தெரியாததால் அவளே ஸ்டூல் போட்டு ஏறி பிரஷ்ஷால் எழுதினாள். கிருஷ்ணா படித்துவிட்டு, "பேர் போடலையே மாமி? நாலு பேருக்குத் தெரியற மாதிரி எழுத வேண்டாமா?" என்றார். அவள் பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த தடவை கூட்டம் மாதுங்காவுக்கு வந்தபோது பத்ம நிவாஸ் இருந்த இடத்தில் ஆழமான பள்ளமும் மஞ்சள் கிரேனும் இருந்தன. "இன்னைக்கு இதுதான் நம்ம புதுசு" என்றாள் சுஷ்மா. "கிரேனையும் வானத்தையும் எடுங்க. கீழே தகரம் வேண்டாம், கட் பண்ணிடுங்க." சொல்லிவிட்டுப் போனை உயர்த்தியவள், போர்டைப் பார்த்து நின்றாள். "இதென்ன, தமிழா? எனக்குப் படிக்க வராது. நசீர், க்யா லிக்கா ஹை?"

நசீர் அகிலாண்டத்தைப் பார்த்தான். அவள் படி என்று தலையாட்டினாள். அவன் எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தான்:

"ஏன்னா, நம்மாத்தை இடிச்சாச்சு. நான் செம்பூர்ல இருக்கேன். தேடிண்டு அலைய வேண்டாம். எதிர்க்க இளநீர்க்கடை செல்வத்துகிட்ட சொல்லுங்கோ, போன் பண்ணுவான். நான் வர வரைக்கும் அங்கேயே உக்காந்துக்கோங்கோ. கறிவேப்பிலை வாங்கியாச்சு."

சுஷ்மா போனை இறக்கினாள். "மாமி..." என்றாள்.

அகிலாண்டம் திரும்பவில்லை. கிரேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்டேஷன் பக்கமிருந்து வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.