செயலாளர் கேட்ட சிவப்பு

வானியல் சங்கத்தின் செயலாளர் சுற்றறிக்கை விட்டிருந்தார். கண்காட்சிக்கு வரும், நெபுலா என்கிற விண்வெளி வாயுமேகங்களின் படங்கள் உண்மை நிறத்தில் மட்டுமே இருக்க வேண்டும். அழகுக்காக நிறத்தை மாற்றுவது பிரபஞ்சத்துக்குச் செய்யும் துரோகம். பிரபஞ்சம் அப்படிப் புகார் ஏதும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

அறிக்கையைப் படித்ததும் அண்ணன் தங்கைக்குப் போன் போட்டார். பிறந்ததிலிருந்தே அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான், இரண்டும் சேற்று நிறம். பழம் பழுத்ததா என்று பார்ப்பதிலிருந்து சட்டை எடுப்பதுவரை எல்லாவற்றுக்கும் தங்கை வந்தாக வேண்டும்.

நெபுலா விஷயத்திலும் அப்படித்தான். அவருடைய கேமரா எடுப்பது கறுப்பு வெள்ளை. ஹைட்ரஜனின் ஒளியில் ஒரு படம், ஆக்சிஜனின் ஒளியில் ஒரு படம். எதற்கு எந்த நிறம் என்பதைக் கணினியில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். இத்தனை வருடமும் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு முடிவு செய்தவள் தங்கை. ஹைட்ரஜனுக்குத் தங்கம், ஆக்சிஜனுக்கு நீலம். அவைதான் அண்ணன் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு கலைக்கொள்கை கிடையாது. சங்கத்தில் அதைத் 'துணிச்சலான பாணி' என்று பாராட்டி ஒரு கேடயமும் கொடுத்திருந்தார்கள்.

"விதிப்படி ஹைட்ரஜனுக்குச் சிவப்பு, ஆக்சிஜனுக்குப் பச்சைன்னு போட்டுட்டேன். எப்படி இருக்கு?" தங்கை வந்து உட்கார்ந்ததும் திரையைக் காட்டினார்.

"செம்பருத்தி மாதிரி செக்கச்செவேல்னு இருக்கு. உனக்கு?"

"கழுவாத பாத்திரம் மாதிரி."

இருவரும் சிரித்தார்கள். அண்ணன் முதலில் நிறுத்திவிட்டார்.

"நான் எடுத்ததுலயே நல்ல படம் இதுதான். பெரிசா மாட்டி ஒரு தடவை நின்னு பார்க்கணும்னு ஆசைப்பட்டேன்."

தங்கைக்கு மொட்டைமாடி ஞாபகம் வந்தது. அவள் ரெட்டைப் பின்னல் போட்டிருந்த காலம். துணிக்கொடிக்குக் கீழே அண்ணன் தொலைநோக்கியைத் திருகித் திருகி ஒரு நெபுலாவில் நிறுத்தி, அவளை ஸ்டூலில் ஏற்றிவிட்டான்.

"என்ன நிறம்டி?"

"நிறமே இல்ல. சாம்பல். யாரோ ஊதிவிட்ட மாதிரி."

"எனக்கும் அதேதான்!" என்று அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். அவ்வளவு மங்கிய ஒளியில் எவர் கண்ணுக்கும் நிறம் பிடிபடாது என்பதெல்லாம் பிறகு படித்தது. அண்ணனுக்குத் தெரிந்ததே தனக்கும் தெரிந்தது என்ற சந்தோஷம் அன்று போதுமாக இருந்தது.

"அண்ணா, பழையபடி தங்கமும் நீலமும் போடு."

"சேர்த்துக்க மாட்டாங்க. உண்மை நிறம் வேணுமாம்."

"யாருக்கு? செயலாளருக்கா? போன வருஷம் வெள்ளை வெளேர்னு இருந்த தலை, இப்ப மையில முக்கி எடுத்த மாதிரி இருக்கு!"

"அது எனக்கே தெரியுதே!" அண்ணன் மேசையைத் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சிவப்பை அழித்தார்.

செயலாளர் பிரபஞ்சத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்துப் படத்தைத் திருப்பி அனுப்பினார். கண்காட்சியில் வரிசையாகச் சிவப்பு தொங்கியது, செங்கல் சூளை மாதிரி. அண்ணன் மரியாதைக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

படத்தைத் தங்கை வீட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். அண்ணன் அதன் முன்னால் நின்றார். ஆற வைத்த காபியை மறந்து, நின்றுகொண்டே இருந்தார்.

"இங்க பாரு, தங்கத்துக்கு நடுவுல நீலமா ஒரு நூல் பிரிஞ்சு போகுது."

அந்த நிறங்களைப் போட்டவளே அதைக் கவனித்திருக்கவில்லை.

"எங்கண்ணா?"

"இன்னும் கிட்ட வா. இதோ."

அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஸ்டூலில் ஏறிய நாளைப் போலவே எக்கிப் பார்த்தாள்.

"அட, ஆமா!"